ஒத்திகை நாளுக்காகவே எடுக்கலாம்: சிறு தொழில்களுக்கான பேரிடர் ஆயத்தச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

பதினோரு பேர் வேலை செய்யும் ஆப்செட் அச்சகம் ஒன்றை நடத்திவருகிறேன். தீ, வெள்ளம், நீண்ட மின்வெட்டு, கணினித் தாக்குதல் ஆகியவற்றுக்குச் சிறு தொழில்களை ஆயத்தப்படுத்தித் தரும் ஆலோசனைச் சேவை ஒன்றை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருந்தேன். அந்த ஒப்பந்தம் இப்போது முடிந்துவிட்டது. இடையில் எங்கள் அச்சகத்துக்குள் வெள்ளமும் வந்துவிட்டுப் போனதால், சேவையின் தரத்தைக் காகிதத்தை வைத்து மட்டுமின்றி நடந்ததை வைத்தும் சொல்ல முடிகிறது. குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே சேவையை ஏறத்தாழ இதே வடிவத்தில் பலர் வழங்குகிறார்கள் என்பதால், அவர்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே படிப்பவருக்குப் பயன்படும்.

ஒப்பந்தத்தில் இருந்தவை இடத்தை நேரில் பார்த்து ஆராய்தல், எழுத்து வடிவிலான திட்டம், வாங்க வேண்டிய கருவிகளுக்கான பரிந்துரை, பணியாளர்களோடு இரண்டு ஒத்திகைகள் ஆகியவை. இவற்றில் முதலாவதும் கடைசியும் மிகச் சிறப்பாக இருந்தன. நடுவில் இருந்த இரண்டையும் பற்றி எனக்கு மனக்குறை உண்டு.

முதல் நாள் இருவர் வந்தார்கள். ஒருவர் கட்டடத்தையும் மின் இணைப்புகளையும் பார்க்கப் போனார்; மற்றவர் என்னோடு உட்கார்ந்து ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினார். இயந்திரங்களின் விலையையும் வயதையும் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ, இன்று மாலையிலிருந்து இந்தக் கட்டடத்துக்குள் யாரும் நுழைய முடியாது என்று ஆகிவிட்டால் கையில் உள்ள வேலைகளில் எது எத்தனை நாள் காத்திருக்கும் என்று கேட்டார். ஒவ்வோர் ஆர்டராக எடுத்துப் பேசப்பேச, பல ஆண்டுகளாகத் தொழில் செய்தும் நான் போட்டுப் பார்த்திராத ஒரு வரிசை கிடைத்தது. அதிக வருமானம் தரும் புத்தக வேலை மூன்று வாரம் தாங்கும். சிறு தொகைக்குச் செய்துதரும் மருந்துப்பெட்டி லேபிள் மூன்று நாள்கூடத் தாங்காது. லேபிள் போய்ச் சேராவிட்டால் வாடிக்கையாளரின் பொதியிடும் வேலையே நின்றுவிடும், அவர் அடுத்த வாரமே வேறு அச்சகத்துக்குப் போய்விடுவார். நிகழ்ச்சி அழைப்பிதழோ தேதி கடந்துவிட்டால் வெறும் காகிதம். ஆகவே பேரிடருக்குப் பிறகு முதலில் உயிர்ப்பிக்க வேண்டியது பெரிய நான்கு வண்ண இயந்திரம் என்று நான் எண்ணியிருந்தது தவறு என்றும், லேபிள் ஓடும் சிறிய இயந்திரமும் அதன் வடிவமைப்புக் கோப்புகளுமே முதலில் வேண்டும் என்றும் அன்று தெளிவானது. வணிகத் தொடர்ச்சி மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 22301 தரநிலை 2012இல் வெளியாகி 2019இல் திருத்தப்பட்டது. எது நின்றால் எவ்வளவு காலத்தில் என்ன பாதிப்பு வரும் என்ற இந்த ஆய்வுதான் அதிலும் திட்டத்துக்கு அடிப்படை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தரநிலையின் சான்றிதழ் தேவையில்லை. அந்த ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுப் பதிலை எழுதிவைப்பது கட்டாயம் தேவை.

கட்டடத்தைப் பார்த்தவர் சுட்டிக்காட்டியவையும் மதிப்புள்ளவை. மெயின் சுவிட்சுக்கு முன்னால் ரீம் கட்டுகளை அடுக்கியிருந்தோம். காகிதம் முழுவதும் தரையோடு தரையாக இருந்தது. அடுக்கின் அடியில் தண்ணீர் தொட்டால் போதும், காகிதம் அதை உறிஞ்சி மேலே இழுத்துக்கொள்ளும், நனைந்த ரீம் உப்பிப் பக்கத்து அடுக்கையும் தள்ளிச் சாய்க்கும். மை துடைத்த துணிகளை மூலையில் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவைத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் அபாயகரமானது என்றார். ஆப்செட் மைகளில் உள்ள உலரும் எண்ணெய்கள் காற்றோடு வினைபுரியும்போது வெப்பம் உண்டாகிறது. குவியலாகக் கிடக்கும் துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீப்பொறி ஏதுமின்றியே தீப்பற்றக்கூடும். மூடியுள்ள உலோகத் தொட்டி ஒன்றை வைத்து, அன்றாடம் வேலை முடிந்ததும் துணிகளை அதில் போட்டு மூடுகிறோம். ஓராண்டில் நாங்கள் செய்த மாற்றங்களில் மிகக் குறைந்த செலவு பிடித்ததும், உயிரைக் காக்கக்கூடியதும் இதுவே.

ஒரு மாதம் கழித்துத் திட்டம் வந்தது. 84 பக்கங்கள். பெரிய நிறுவனங்களுக்காக எழுதிய வார்ப்பில் எங்கள் பெயரைப் பொருத்தியிருந்தார்கள் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்தது. நெருக்கடி மேலாண்மைக் குழு என்று ஏழு பொறுப்புகளை வகுத்திருந்தார்கள். பதினோரு பேரில் ஏழு பேர் பொறுப்பாளர்களாகிவிட்டால் ரீம் கட்டைத் தூக்க நான்கு பேர்தான் மிச்சம். நில அதிர்வுக்கு ஆறு பக்கம், அச்சு மைக்கும் கரைப்பானுக்கும் அரைப் பக்கம். புகை சூழ்ந்த கட்டடத்தின் வாசலில் நிற்பவர் 84 பக்கங்களைப் புரட்ட மாட்டார். இதை அவர்களிடம் சொன்னபோது, வருத்தப்படாமல் கேட்டுக்கொண்டு, எங்களோடு உட்கார்ந்து இரண்டே பக்கங்களில் வேறொன்றை எழுதித் தந்தார்கள். அதில் உள்ள கட்டளைகள் கண்ணால் பார்த்து முடிவெடுக்கக் கூடியவை. வெள்ள எச்சரிக்கை வந்தால் உயரத்துக்கு மாற்ற வேண்டிய பொருள்களின் வரிசை, வாசலின் இரண்டாம் படியைத் தண்ணீர் தொட்டதும் மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற விதி, தரையில் தண்ணீர் நின்றுவிட்ட பிறகு எக்காரணம் கொண்டும் சுவிட்ச் பலகையை நெருங்கக் கூடாது என்ற விதி. அந்த இரண்டு பக்கங்களைத்தான் சுவரில் ஒட்டினோம். இதே சேவையை எடுக்க நினைப்பவர்கள் சுருக்கமான தாளைத் தொடக்கத்திலேயே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கருவிகள் விஷயத்தில் அவர்கள் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். ஆவணங்களையும் பேக்கப் ஹார்ட் டிஸ்க்கையும் வைக்கத் தீத்தாங்கும் பெட்டி ஒன்றைப் பரிந்துரைத்தார்கள், வாங்கினேன். பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பிறகு நிதானமாகப் படித்தபோதுதான், அது காகிதத்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது என்று தெரிந்தது. யுஎல் 72 என்னும் சோதனைத் தரத்தில் 350 என்று வகைப்படுத்திய பெட்டி, குறிப்பிட்ட நேரம் வரை உள்வெப்பத்தை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 177 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவிடாது. காகிதம் அதைத் தாங்கும். ஹார்ட் டிஸ்க் தாங்காது. கணினித் தரவுச் சாதனங்களுக்கென்று 125 என்ற வகை தனியாக உள்ளது. அதில் உள்வெப்பம் சுமார் 52 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும், ஈரப்பதத்துக்கும் வரம்பு உண்டு. நான் வாங்கிய பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கை வைத்து, தீயும் பிடித்திருந்தால், பத்திரங்கள் பிழைத்திருக்கும், பேக்கப் போயிருக்கும். அத்தோடு, தீயைத் தாங்கும் பெட்டி தண்ணீரையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குச் சோதனை வேறு. இப்படிப் பெட்டி வாங்குபவர்கள் வெளியில் பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எந்தப் பொருளுக்கு, எவ்வளவு நேரத்துக்குச் சோதித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

தீயணைப்பான்களில் அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. எங்கும் உலர்தூள் வகையை மாட்டியிருந்தோம். அது பலவகைத் தீயையும் அணைக்கும் என்றாலும், அந்தத் தூள் கணினிக்குள்ளும் இயந்திரத்தின் மின்பலகைக்குள்ளும் புகுந்து ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரித்துவிடும். தீ அணைந்த பிறகு தொடரும் சேதம் அது. வடிவமைப்பு அறைக்குக் கார்பன் டைஆக்சைடு வகையை மாட்டச் சொன்னார்கள். யுபிஎஸ் பற்றியும் பயனுள்ள அறிவுரை கிடைத்தது: லேசர் பிரிண்டரை அதில் இணைக்கக் கூடாது, அது சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரம் யுபிஎஸ்ஸைத் திணறடிக்கும், உள்ளிருக்கும் ஈய அமில பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உழைக்கும் என்பதால் வாங்கிய தேதியை எழுதி வெளியில் ஒட்டிவைக்க வேண்டும். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குள்ளோ ஜன்னலருகிலோ ஓட்டக் கூடாது என்பதை, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை என்ற காரணத்தோடு எல்லோருக்கும் விளக்கினார்கள்.

பேக்கப் பற்றிய அமர்வு நீண்டது, நீண்டதில் தவறில்லை. தரவுக்கு மூன்று பிரதிகள், அவை இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில் என்ற விதியை நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன்; கடைப்பிடித்துவருவதாகவும் நம்பியிருந்தேன். வேறிடம் என்றால் என்ன என்பதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு மனதில் நின்றுவிட்டது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையங்களில் ஒன்று முற்றாக எரிந்தது. மூலத் தரவையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். இணையத்தில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அது எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள இயந்திரம்தான் என்பதையும், தானாக ஒத்திசையும் கோப்புறை பேக்கப் ஆகாது என்பதையும், இங்கே ஒரு கோப்பு அழிந்தாலோ கணினியைத் தாக்கும் தீநிரலால் பூட்டப்பட்டாலோ அந்த மாற்றம் அங்கேயும் நகலாகிவிடும் என்பதையும் அன்று உணர்ந்தேன்.

அதன் பிறகு, பேக்கப்பிலிருந்து நேற்றைய கணக்கை இப்போதே மீட்டுக் காட்டுங்கள் என்றார்கள். வெற்றுக் கணினி ஒன்றை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். வடிவமைப்புக் கோப்புகள் வந்தன. கணக்கு மென்பொருளின் தரவு வரவில்லை. இரவில் பேக்கப் ஓடும் நேரத்தில் கணக்கு மென்பொருள் திறந்தே இருந்ததால், அந்த ஒரு கோப்பு மட்டும் நான்கு மாதங்களாக நகலாகாமல் தவிர்க்கப்பட்டிருந்தது. பேக்கப் முடிந்தது என்ற செய்தியோ ஒவ்வொரு காலையும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியல் இல்லாத தொழிலை எப்படி மீட்பது என்று நினைத்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இந்த ஒரு கண்டுபிடிப்புக்கே சேவைக் கட்டணம் ஈடாகிவிட்டது என்று கருதுகிறேன். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, குலுக்கிப் போட்டு எடுத்த ஏதாவது மூன்று கோப்புகளை மீட்டுப் பார்க்கிறோம்.

முதல் ஒத்திகை வழக்கமான தீ ஒத்திகை. ஒழுங்காக நடந்தது, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது ஒத்திகைக்காகத்தான் இந்த மதிப்பீட்டையே எழுதுகிறேன்.

உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், தொலைபேசியிலும் கிடைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு முதலில் வரும் பைண்டிங் பிரிவுக்காரர் ஜன்னலில் புகையைப் பார்க்கிறார். இதுதான் கொடுக்கப்பட்ட நிலைமை. என்னைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு வாய் திறக்கக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது என்றார்கள். பணியாளர்கள் தீயணைப்புத் துறையை அழைப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துகாட்ட வேண்டும். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று சொல்ல வருகைப் பதிவு வெளியில் இல்லை; அது எரிந்துகொண்டிருக்கும் கட்டடத்துக்குள் இருந்தது. அன்று லேபிள் வாங்க வரவேண்டிய வாடிக்கையாளரின் எண் என் கைபேசியில் மட்டும் இருந்தது. இணையப் பேக்கப்பைத் திறந்தால் ஒருமுறைக் கடவுச்சொல் என் கைபேசிக்கு வருகிறது. காப்பீட்டு பாலிசி எண் என் அலமாரியில். வேறு அச்சகத்தில் வேலையைக் கொடுத்து வாங்க யாருக்கும் அதிகாரம் இல்லை. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கவும் யாரும் இல்லை. ஒத்திகை ஒன்பது இடங்களில் தடைபட்டது. அவற்றில் ஆறு இடங்களில் பதில் என் தலைக்குள்ளோ என் கைபேசிக்குள்ளோ இருந்தது. என் பணியாளர்கள் அறிவுள்ளவர்கள், என்னைவிடக் கைத்திறன் மிக்கவர்கள்; அவர்களை அப்படி முட்டி நிற்கவைத்தது நான்தான் என்பதை இரண்டு மணி நேரம் வாய் மூடி உட்கார்ந்து பார்ப்பது எளிதாக இல்லை.

ஒத்திகை முடிந்த வாரமே பலவற்றை மாற்றினோம். மூத்த இயந்திர இயக்குநருக்கும் கணக்காளருக்கும், குறிப்பிட்ட தொகை வரை செலவழிக்கவும் வேலையை நிறுத்தவும் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தேன். இணையக் கணக்குகளின் மீட்புக் குறியீடுகளை உறையிலிட்டு ஒட்டித் தணிக்கையாளரிடம் ஒப்படைத்தேன். வாடிக்கையாளர், காகித வணிகர், மின்பணியாளர், காப்பீட்டாளர் எண்கள் அச்சிட்ட தாளாக இருவர் வீட்டில் இருக்கின்றன. எங்கள் இயந்திரத்தின் அளவிலேயே இயந்திரம் வைத்திருக்கும் இன்னோர் அச்சகத்தோடு, ஒருவருக்கு இடர் வந்தால் மற்றவர் அவசர வேலையை அச்சிட்டுத் தருவது என்று உடன்பாடு செய்துகொண்டோம். போட்டியாளரிடம் இப்படிக் கேட்கத் தயங்கினேன். அவரும் இதே கவலையில் இருந்திருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து, நான் பயணத்தில் கைபேசித் தொடர்பு இல்லாமல் இருந்த ஒரு மாலையில், தொடர்மழையில் வடிகால் எதிர்த்துப் பாய்ந்து தெருவில் தண்ணீர் ஏறியது. இரண்டாம் படியைத் தண்ணீர் தொட்டபோது மூத்த இயந்திர இயக்குநர் மெயினை அணைத்துவிட்டு எல்லோரையும் அனுப்பினார். இரவில் உள்ளே சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. காகிதம் 30 சென்டிமீட்டர் உயரத் தாங்கிகளில் இருந்ததால் தப்பியது. தாங்கியில் ஏற்றாமல் விட்டிருந்த ஓர் அடுக்கு மட்டும் போனது. கம்ப்ரஸரின் மோட்டார் நனைந்தது. உலர்ந்துவிட்டதே என்று அதை ஓட்டிப் பார்க்காமல், மின்பணியாளர் மெக்கர் என்னும் அளவுக் கருவியை வைத்துச் சுருளின் மின்காப்பைச் சோதிக்கும்வரை காத்திருந்தார்கள். நனைந்த ஆர்டர் தாள்களை, இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், அன்றே உறிஞ்சுதாள் இடையிட்டு மின்விசிறிக்கடியில் பரப்பினார்கள். மறுநாள் நண்பகல் நான் போய்ச் சேர்ந்தபோது இயக்குநர் சொன்ன முதல் சொல், "அக்கா, லேபிள் வேலை அங்கே மிஷினில் ஏறிவிட்டது" என்பது. மூன்றாம் நாள் அது வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் நாள் எங்கள் இயந்திரங்கள் ஓடின.

சேவை எங்களைக் கைவிட்டது காப்பீட்டில். 84 பக்கங்களில் அதற்கு அரைப் பக்கம், அதுவும் போதுமான காப்பீடு எடுங்கள் என்ற பொதுவான வாசகம். இழப்பீடு கேட்டபோதுதான் எங்கள் சரக்கின் காப்பீட்டுத் தொகை பழைய காகித விலையில் நின்றுவிட்டது என்று புரிந்தது. இத்தகைய பாலிசிகளில் சராசரி விதி ஒன்று உண்டு. பத்துப் பங்கு மதிப்புள்ள சரக்கை ஆறு பங்குக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், இரண்டு பங்கு நட்டத்துக்கு 1.2 பங்குதான் கிடைக்கும். காப்பீட்டுத் தொகைக்குள்தானே நட்டம் இருக்கிறது என்று வாதிட முடியாது. வாடிக்கையாளர் கொடுத்துவைத்த காகிதத்தை, அது எங்கள் பொறுப்பில் இருந்தாலும், எங்கள் பாலிசியில் குறிப்பிடவில்லை. ஆகவே அது சேரவில்லை. தொழில் முடங்கும் நாள்களின் வருமான இழப்புக்குத் தனிக் காப்பீடு உண்டு, அதில் தொடக்க நாள்கள் சிலவற்றைக் கழித்தே கணக்கிடுவார்கள் என்பதையும் நானே தேடிப் படித்துத்தான் அறிந்தேன். ஆயத்தச் சேவை தருபவர்கள் பாலிசியை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும். காப்பீடு விற்காதவர்கள் என்பதால் அவர்களால்தான் அதை ஒருபக்கம் சாயாமல் செய்ய முடியும்.

பொருள் வரத்து பற்றியும் திட்டத்தில் ஒன்றுமில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் சில்லுத் தொழிற்சாலையில் மின்னலால் மூண்ட சிறு தீ பத்து நிமிடத்தில் அணைந்தது; ஆனால் அங்கிருந்து சில்லு வாங்கிய இரு கைபேசி நிறுவனங்களில் நோக்கியா உடனே மாற்று வழி தேடிக்கொள்ள, எரிக்சன் பெருநட்டம் அடைந்தது. எங்களுக்கு அச்சுத் தகடு (பிளேட்) தருபவர் ஒருவரே. அவருடைய கிடங்கில் தண்ணீர் புகுந்தாலும் எங்கள் இயந்திரம்தான் நிற்கும். இரண்டாவது வணிகரிடம் இப்போது மாதம் ஒரு சிறு ஆர்டர் கொடுத்துவருகிறேன்.

முழுச் சேவையையும் மீண்டும் எடுக்கப் போவதில்லை. திட்டமும் கருவிப் பட்டியலும் ஒருமுறை கிடைத்தால் போதும், அவற்றை நாங்களே திருத்திக்கொள்ள முடியும். ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் இடப் பார்வையையும் ஒத்திகையையும் மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். எங்களுக்குத் தர இசைந்திருக்கிறார்கள். அடுத்த ஒத்திகையில் நாற்காலியில் வாய் மூடி உட்காரப்போவது இயக்குநரும் கணக்காளரும். அன்று கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டியவர்கள் பைண்டிங் பிரிவில் உள்ள மூவர். வருகைப் பதிவின் பிரதியை வாசல் பெட்டியில் வைக்கும் பொறுப்பை அவர்கள் இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.